ஜனாஸாவும் நீதியும்: மரண விசாரணையைப் புரிந்து கொள்வோம்





மரணம் வந்துவிட்டால் ஜனாஸாவைத் தாமதமின்றி நல்லடக்கம் செய்வது எமது மார்க்கத்தின் வழிகாட்டல். குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து, மையவாடிக்கு எடுத்துச் செல்லும் வரை எமது உள்ளம் அமைதி அடைவதில்லை. இந்நிலையில், "பொலிஸ் வர வேண்டும், மரண விசாரணை நடக்க வேண்டும், ஜனாஸாவை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்" என்ற வார்த்தைகள் காதில் விழுந்தால் வீடே கலங்கிப் போகின்றது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் களனியிலும் வாழும் எமது குடும்பங்கள் பலவற்றில் இக்கலக்கம் ஏற்பட்டிருக்கின்றது. "வெட்ட வேண்டாம், எப்படியாவது பேசி எடுத்துத் தாருங்கள்" என்று மவ்லவிமாரிடமும் பள்ளிவாசல் நிர்வாகிகளிடமும் கெஞ்சும் உறவினர்களைக் காண்கின்றோம். அந்த வேதனை இயல்பானது. ஆயினும் இந்தப் பரிசோதனை எதற்காக, எப்படிச் செய்யப்படுகின்றது, அதனைத் தவிர்த்தால் இழக்கப்படுவது எது என்பவற்றை அறிந்த பின்னர் முடிவெடுப்பதே அறிவுடைமையாகும்.

மூன்று கேள்விகள்

ஒருவர் இறந்ததும் சட்ட வைத்தியத்துறை மூன்று கேள்விகளை எழுப்புகின்றது. முதலாவது, மரணத்துக்கான காரணம் என்ன? மாரடைப்பா, மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவா, கத்திக்குத்தா, நஞ்சா என்பது இதில் அடங்கும். இரண்டாவது, அக்காரணம் உயிரை எவ்வாறு பறித்தது? இரத்தம் வெளியேறியதாலா, மூச்சுத் தடைப்பட்டதாலா, இதயத் துடிப்புக் குழம்பியதாலா என்பது அது. மூன்றாவது, அது எந்த வகை மரணம்? இயற்கை மரணம், விபத்து, தற்கொலை, பிறரால் நிகழ்ந்த கொலை, தீர்மானிக்க முடியாதது என ஐந்து வகைகள் உலகெங்கும் வழக்கில் உள்ளன.

இவற்றைப் பிரித்தறிவது மிக முக்கியமானது. ஆற்றில் மூழ்கி மூச்சுத் திணறி ஒருவர் இறந்தார் என்பது காரணம். அவர் வழுக்கி விழுந்தாரா, தானே குதித்தாரா, தள்ளிவிடப்பட்டாரா என்பது வகை. காரணம் ஒன்றாகவே இருக்க, வகை மூன்றாகப் பிரிகின்றது. உடலைக் கண்ட வைத்தியரால் மட்டும் அந்த வகையைச் சொல்லிவிட முடியாது. சம்பவ இடம், சாட்சிகளின் வாக்குமூலம், உடைகள், முன்னைய நோய் விபரங்கள் ஆகிய அனைத்தும் ஒன்றுசேர வேண்டும்.

எமது நாட்டின் சட்டம்

இலங்கையில் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இவ்விடயத்தை ஒழுங்குபடுத்துகின்றது. தற்கொலை, விபத்து, மிருகங்களாலோ இயந்திரங்களாலோ ஏற்பட்ட மரணம், திடீர் மரணம், காரணம் அறியப்படாத மரணம் ஆகியவை நிகழ்ந்தால் திடீர் மரண விசாரணை அதிகாரி ஸ்தலத்துக்குச் சென்று விசாரிக்க வேண்டும். பொலிஸ் காவலில் அல்லது சிறையில் ஒருவர் இறந்தால் நீதவானே விசாரணை நடத்துகின்றார். தேவையெனக் கண்டால் அரச வைத்திய அதிகாரியைக் கொண்டு பிரேத பரிசோதனை செய்யுமாறு கட்டளையிடவும், அடக்கப்பட்ட உடலைத் தோண்டியெடுக்கப் பணிக்கவும் நீதவானுக்கு அதிகாரம் உண்டு.

இங்கே ஒரு வேறுபாட்டை மனதிற் கொள்ள வேண்டும். நோயின் தன்மையை அறிய வைத்தியசாலை விரும்பிக் கேட்கும் பரிசோதனைக்கு உறவினரின் சம்மதம் தேவை. சட்டத்தின்படி கட்டளையிடப்படும் பரிசோதனைக்கு அச்சம்மதம் தேவையில்லை. அதேவேளை, நெடுநாள் நோயாளியாக இருந்து, சிகிச்சையளித்த வைத்தியரால் காரணம் உறுதிப்படுத்தப்படக்கூடிய இயற்கை மரணங்களுக்கு இவை எதுவும் தேவைப்படுவதில்லை. எல்லா ஜனாஸாவும் "வெட்டப்படும்" என்ற அச்சம் ஆதாரமற்றது.

கொழும்பில் சட்ட மருத்துவ, நச்சியல் நிறுவனம் இப்பணியைச் செய்கின்றது. களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் ராகமையில் அமைந்துள்ளது. அங்குள்ள சட்ட மருத்துவத் துறையில் எமது பிள்ளைகளும் இக்கல்வியைப் பெறுகின்றனர்.

உடல் சொல்லும் சாட்சி

பரிசோதனை கத்தியுடன் ஆரம்பிப்பதில்லை. முதலில் கண்தான் வேலை செய்கின்றது. உடல் கிடந்த இடம், கிடந்த நிலை, உடையில் உள்ள கிழிசல், இரத்தக் கறை, மண் ஆகியன குறிக்கப்படுகின்றன. புகைப்படங்கள் எடுக்கப்படுகின்றன. பின்னர் தலை முதல் பாதம் வரை ஒவ்வொரு காயமும் அளக்கப்பட்டு எழுதப்படுகின்றது.

காயங்களுக்கும் ஒரு மொழி உண்டு. தோல் உராய்ந்த சிராய்ப்பு, தோலின் கீழ் இரத்தம் கண்டிய கன்றல், மொட்டையான பொருள் பட்டுக் கிழிந்த காயம், கூரிய ஆயுதம் வெட்டிய காயம் ஆகியன ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. கிழிந்த காயத்தின் ஓரங்கள் ஒழுங்கற்றிருக்கும், உள்ளே திசு நார்கள் பாலம் போல இணைந்து நிற்கும். வெட்டுக் காயத்தில் அவ்வாறு இருக்காது. தாக்குதலைத் தடுக்க ஒருவர் கையை உயர்த்தினால் முன்கையிலும் உள்ளங்கையிலும் காயங்கள் விழும். உயிருடன் இருக்கும்போது ஏற்பட்ட காயத்தைச் சூழ இரத்தம் கசிந்து ஊறியிருக்கும். இறந்த பின் ஏற்பட்ட காயத்தில் அது பெரும்பாலும் காணப்படாது.

இறந்த நேரத்தைக் கணிக்க மூன்று மாற்றங்கள் உதவுகின்றன. உடல் படிப்படியாகக் குளிர்கின்றது. தசைகள் விறைக்கின்றன, அது சில மணித்தியாலங்களில் தாடையில் வெளிப்பட்டு, சுமார் 12 மணித்தியாலங்களில் உடலெங்கும் பரவி, பின்னர் தளர்கின்றது. எமது வெப்பமான காலநிலையில் இது விரைவாக நடந்தேறும். இரத்தம் கீழ்நோக்கி வடிந்து, உடலின் தாழ்ந்த பக்கத்தில் ஊதா நிறமாகப் படிகின்றது. மல்லாந்து கிடந்ததாகச் சொல்லப்படும் உடலின் நெஞ்சுப் பக்கத்தில் அந்நிறம் நிலைத்திருந்தால், உடல் பின்னர் புரட்டப்பட்டுள்ளது என்று வைத்தியர் அறிந்து கொள்கின்றார்.

அதன் பின்னரே தலை, நெஞ்சு, வயிறு ஆகிய உட்பகுதிகள் பரிசோதிக்கப்படுகின்றன. தேவைப்பட்டால் இரத்தம், சிறுநீர், ஈரல், இரைப்பையில் உள்ளவை ஆகியவற்றின் சிறு மாதிரிகள் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்பப்படுகின்றன. அந்த அறிக்கை வர நாட்கள் செல்லும். ஆனால் அதற்காக ஜனாஸா காத்திருக்க வேண்டியதில்லை. மாதிரி எடுக்கப்பட்டதும் உடல் தைக்கப்பட்டு உறவினரிடம் ஒப்படைக்கப்படலாம்.

களனி கங்கையும் தீயும்

களனி கங்கையின் கரையில் வாழ்பவர்களுக்கு ஆற்றில் மிதந்த உடல் பற்றிய செய்தி புதிதன்று. "ஆற்றில் கிடந்தது, ஆகவே மூழ்கியது" என்று ஊர் முடிவு கட்டிவிடும். வைத்தியர் அவ்வாறு முடிவு கட்டுவதில்லை. நீரில் விழும்போது அவர் உயிருடன் இருந்தாரா என்பதே அவரது முதற் கேள்வி. உயிருடன் விழுந்தவர் நீரை உள்ளிழுக்கின்றார். காற்றும் நீரும் சளியும் கலந்து மெல்லிய வெண்ணுரையாகி வாயிலும் மூக்கிலும் தோன்றலாம். நுரையீரல் ஊதிப் பருத்திருக்கலாம். கையில் நீர்ப்பாசியோ புல்லோ இறுகப் பற்றப்பட்டிருக்கலாம். ஆற்று நீரில் உள்ள டயட்டம் எனும் நுண்ணிய பாசிகள், இதயம் துடித்துக் கொண்டிருந்தால் இரத்தத்துடன் சென்று எலும்பு மச்சையை அடையக்கூடும். கை கால்களின் தோல் வெளுத்துச் சுருங்குவது உடல் நீரில் கிடந்ததை மட்டுமே காட்டும். மூழ்கி இறந்ததற்கு அது சான்றன்று. இவற்றில் எந்த ஒன்றும் தனித்து நின்று போதிய ஆதாரமாகாது. அதனாலேயே உடல் முழுவதும் பரிசோதிக்கப்பட வேண்டியுள்ளது.

தீயில் கிடைத்த உடலிலும் இதே நியாயம்தான். தீ மூண்டபோது அவர் மூச்சு விட்டிருந்தால் மூச்சுக் குழாயினுள் புகைக்கரி படிந்திருக்கும், இரத்தத்தில் காபன் மொனொக்சைட் கலந்திருக்கும். இவை இரண்டும் இல்லையென்றால், தீக்கு முன்பே உயிர் பிரிந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுகின்றது. வெளியே கருகிப்போன உடலும் உள்ளே உண்மையைப் பாதுகாத்து வைத்திருக்கும்.

பம்பலப்பிட்டியில் நடந்த வழக்கு

இலங்கையின் சட்ட மருத்துவ வரலாற்றில் மறக்க முடியாத வழக்கு ஒன்று 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி பம்பலப்பிட்டியில் நிகழ்ந்த கொலையுடன் தொடங்கியது. இலங்கைக் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கிய மகாதேவ சதாசிவம் தமது மனைவியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். அவர் அன்று முற்பகல் வீட்டை விட்டு வெளியேறியிருந்தார். ஆகவே மனைவி இறந்த நேரம் எது என்பதே வழக்கின் உயிர்நாடியாயிற்று. உடல் குளிர்ந்த வேகமும், உண்ட உணவு செரித்த அளவும் நீதிமன்றத்தில் நாட்கணக்கில் விவாதிக்கப்பட்டன.

உடலைப் பரிசோதித்தவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது சட்ட மருத்துவப் பேராசிரியரான ஜீ. எஸ். டபிள்யூ. டி சேரம். உலகப் புகழ்பெற்ற எடின்பரோ பேராசிரியர் சேர் சிட்னி ஸ்மித் எதிர்த்தரப்புக்காகச் சாட்சியளித்தார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா. 1953இல் சதாசிவம் குற்றமற்றவர் என விடுதலை செய்யப்பட்டார். ஒரு மனிதன் தூக்குக் கயிற்றிலிருந்து தப்புவதற்கு மருத்துவச் சான்றும் ஒரு காரணமாயிற்று.

கதை அத்துடன் முடியவில்லை. வெப்ப வலய நாட்டில் உடல் எந்த வேகத்தில் குளிர்கின்றது என்பதற்குச் சரியான அளவீடுகள் வேண்டும் என்பதை அவ்வழக்கு உணர்த்தியிருந்தது. டி சேரம் அவர்களும் சகாக்களும் கொழும்பில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர்களின் உடல் வெப்பத்தை அளந்து, இறந்த நேரம் திட்டமாகத் தெரிந்த உடல்கள் எவ்வாறு குளிர்ந்தன என்பதைப் பதிவு செய்து, 1955இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட அப்பாவியைக் காப்பதும் குற்றவாளியைக் காட்டிக் கொடுப்பதும் ஒரே அறிவின் இரு கரங்கள் என்பதற்கு இது சான்றாகும்.

வஸீம் தாஜுதீன்: மண்ணிலிருந்து எழுந்த சாட்சி

எமது சமூகத்தின் நெஞ்சில் ஆறாத காயமாக உள்ள சம்பவம் ரக்பி வீரர் வஸீம் தாஜுதீனுடையது. 2012 மே 17ஆம் திகதி அதிகாலை நாரஹேன்பிட்டியில், எரிந்த நிலையிலிருந்த அவரது வாகனத்தில் உடல் கண்டெடுக்கப்பட்டது. வாகன விபத்து என்றே அன்று கூறப்பட்டது. ஜனாஸா தெஹிவளை மையவாடியில் நல்லடக்கம் செய்யப்பட்டது.

மூன்று ஆண்டுகளின் பின் விசாரணை மீண்டும் திறக்கப்பட்டது. நீதிமன்றக் கட்டளையின் பேரில் 2015 ஆகஸ்ட் 10ஆம் திகதி கப்ர் தோண்டப்பட்டு, சட்ட வைத்திய நிபுணர் குழுவொன்று எச்சங்களை மீண்டும் பரிசோதித்தது. முதலாவது பரிசோதனையின்போது எடுக்கப்பட்ட உடற்பாகங்கள் சில காணாமற்போயிருந்தமை அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. இது விபத்தன்று, கொலை என்று 2016 பெப்ரவரி மாதம் கொழும்பு மேலதிக நீதவான் தீர்மானித்தார். ஆயினும் தோண்டியெடுத்துப் பத்து ஆண்டுகள் ஆன பின்னரும் கொலைக் குற்றவாளியென எவரும் தண்டிக்கப்படவில்லை.

இச்சம்பவம் எமக்கு இரண்டு பாடங்களைத் தருகின்றது. ஒன்று, தசை மண்ணோடு கலந்த பின்னும் எலும்பு பேசும். உயிருடன் இருக்கும்போது அல்லது இறக்கும் தறுவாயில் முறிந்த ஈரமான எலும்பின் விளிம்பும், காலம் சென்று உலர்ந்த பின் உடைந்த எலும்பின் விளிம்பும் ஒன்றல்ல. ஜனாஸாவை எரிக்காமல் அடக்கும் எமது வழக்கமே அந்தச் சாட்சியைப் பாதுகாத்துக் கொடுத்தது. மற்றது, முதற் பரிசோதனை நேர்மையாகவும் முழுமையாகவும் நடைபெறாவிட்டால் பின்னர் எத்தனை ஆண்டுகள் போராடினாலும் இழந்ததை முற்றாக மீட்க முடியாது. ஆகவே பரிசோதனையைத் தடுப்பதற்கு நாம் செலவிடும் செல்வாக்கை, அது சரியாக நடைபெறுவதை உறுதிசெய்யச் செலவிட வேண்டும்.

சமூகத்தின் அச்சமும் அதன் நியாயமும்

மக்களின் தயக்கத்துக்கு வெறும் அறியாமை மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது. 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி அறிவித்தல், கொவிட் தொற்றினால் இறந்தோரின் உடல்களை எரிக்க வேண்டுமெனக் கட்டாயப்படுத்தியது. அடக்கம் செய்வதும் பாதுகாப்பானதே என உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் கூறியிருந்தும், பச்சிளம் குழந்தையின் ஜனாஸா உட்பட எமது உறவுகள் தீக்கிரையாயின. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்து, ஓட்டமாவடியில் நல்லடக்கங்கள் நடைபெற்றன. 2024இல் அரசாங்கம் அதற்காக மன்னிப்புக் கோரியது. பிணவறைக்குச் சென்ற ஜனாஸா திரும்பி வராது என்ற பயம் அந்நாட்களில் எமது உள்ளங்களில் ஆழப் பதிந்துவிட்டது. அங்கே அநீதி இழைத்தது விஞ்ஞானமன்று; விஞ்ஞானத்தைக் கேட்க மறுத்த முடிவேயாகும்.

இதற்கு முந்திய ஆண்டு, 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, கொட்டாஞ்சேனை கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயம் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. 359 என முதலில் அறிவிக்கப்பட்ட மரண எண்ணிக்கை, சில நாட்களில் 253 எனத் திருத்தப்பட்டது. சிதைந்த உடல்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை எண்ணப்பட்டிருந்தமை பரிசோதனையின்போது தெரியவந்ததே அதற்குக் காரணம். ஒவ்வொரு உடலையும் அதற்குரிய குடும்பத்திடம் சேர்ப்பதும் சட்ட வைத்தியரின் பணியே.

மார்க்கத்தின் பார்வை

இறந்தவரின் எலும்புக்கும் உயிருள்ளவரின் எலும்புக்குரிய மதிப்பை அளிக்க வேண்டும் என்ற கருத்துடைய நபிமொழியை நாம் அறிவோம். மனித உடலின் கண்ணியம் மரணத்தோடு முடிவதில்லை. அதேபோன்று அநியாயமாகச் சிந்தப்பட்ட இரத்தத்துக்கு நீதி தேடுவதும் மார்க்கம் எம்மீது சுமத்திய கடமையாகும். இவ்விரண்டும் எதிர்ப்படும்போது எதனை முற்படுத்துவது?

1987இல் மக்காவில் கூடிய ராபிதாவின் இஸ்லாமிய பிக்ஹ் சபை இதனை ஆராய்ந்தது. குற்றச் சம்பவங்களில் மரணத்துக்கான காரணத்தை அறிதல், நோய்களை அறிந்து தடுத்தல், மருத்துவக் கல்வி ஆகிய தேவைகளுக்காகப் பிரேத பரிசோதனை அனுமதிக்கப்படும் என்று அது தீர்மானித்தது. தேவையின் அளவை மீறக்கூடாது, பெண்களின் உடலைப் பெண் வைத்தியர்களே பரிசோதிக்க வேண்டும், அவர்கள் இல்லாதபோதே விதிவிலக்கு, உடலின் எல்லாப் பாகங்களும் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்ற நிபந்தனைகளும் அத்துடன் இணைக்கப்பட்டன.

உடலைத் திறக்காமலே சீ.ரீ. ஸ்கேன் மூலம் பரிசோதிக்கும் முறையும் வளர்ந்து வருகின்றது. சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் இதற்கான ஆய்வுகள் முன்னெடுக்கப்பட்டன. புதுடில்லியின் எய்ம்ஸ் வைத்தியசாலை 2021இல் இதனை ஆரம்பித்தது. எலும்பு முறிவு, துப்பாக்கி ரவை, இரத்தக் கசிவு ஆகியவற்றை இது நன்கு காட்டும். நஞ்சு, சில இதய நோய்கள் போன்றவற்றில் இது மாத்திரம் போதாது. எமது வைத்தியசாலைகளிலும் இவ்வசதி விரிவடைய வேண்டுமெனச் சமூகம் கேட்பது நியாயமான கோரிக்கையாகும்.

பெற்றோருக்கும் இளைஞருக்கும்

திடீர் மரணம் நிகழ்ந்தால் பொலிஸாருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் உடனே அறிவியுங்கள். அவர்கள் வரும் வரை குளிப்பாட்டாதீர்கள், உடை மாற்றாதீர்கள், கிடந்த இடத்தைச் சுத்தம் செய்யாதீர்கள். அன்பினால் செய்யும் அச்செயல்கள் சான்றுகளை அழித்துவிடும். மரணித்தவரின் கிளினிக் கொப்பி, மருந்துகள், வைத்திய அறிக்கைகள் ஆகியவற்றை ஒப்படையுங்கள். நோய் தெளிவாயின் பரிசோதனையே தேவைப்படாமற் போகலாம். நேரத்தோடு முடித்துத் தருமாறும், பெண்களாயின் பெண் வைத்தியரை அமர்த்துமாறும், உடலை மூடி வைக்குமாறும் பணிவுடன் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பரிசோதனையின் பின் தைக்கப்பட்ட இடங்களைத் துணியால் கட்டிக் குளிப்பாட்டலாம். இயலாத நிலையில் தயம்மும் உண்டு.

போதைப்பொருளாலோ தற்கொலையாலோ இறந்திருக்கலாம் என்ற சந்தேகத்தில், மானத்துக்கு அஞ்சி உண்மையை மறைக்கும் குடும்பங்களும் உள்ளன. மறைத்தால், அந்த நஞ்சை விற்றவன் அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தேடிச் செல்வான். ஊரார் தற்கொலை என்று பேசிய மரணம் அதுவன்று எனப் பரிசோதனை காட்டி, ஓர் உம்மாவின் நெஞ்சுச் சுமையை இறக்கவும் கூடும். இளம் வயதில் திடீரென இதயம் நின்று இறந்தவரிடம் பரம்பரை இதய நோய் கண்டறியப்பட்டால், அவருடைய சகோதர சகோதரிகளின் உயிரைக் காக்கலாம். மனம் சோர்ந்த இளைஞர் எவரும் தனித்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் உதவி கேட்கலாம். வாப்பாமார், உம்மாமார் தமது பிள்ளைகளோடு நேரமெடுத்துப் பேசுங்கள்.

எமது இளைஞர்களுக்கு மற்றுமொரு வேண்டுகோள். சட்ட மருத்துவத்தையும் இரசாயனப் பகுப்பாய்வையும் கற்க முன்வாருங்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகள் இத்துறைக்கு வருவது எமது ஜனாஸாக்களின் கண்ணியத்துக்குச் செய்யும் பெரும் சேவையாகும். பேச முடியாதவருக்காகப் பேசுவது அமானிதம். அந்த அமானிதத்தைச் சுமக்கும் வைத்தியர் பொய் சொன்னால் ஒரு சமூகமே நீதியை இழக்கின்றது. உண்மை சொன்னால் கப்ரில் உள்ளவருக்கும் நீதியின் வாசல் திறக்கின்றது.

வல்ல அல்லாஹ் மரணித்த எம் உறவுகளின் பிழைகளைப் பொறுத்து, அநீதி இழைக்கப்பட்டோருக்கு நீதியை வழங்கி, எம் பிள்ளைகளை எல்லாத் தீங்குகளிலிருந்தும் பாதுகாப்பானாக. ஆமீன்.